தொரையைக் குளிப்பாட்டிய காலனி

பூனையைக் குளிப்பாட்டினால் தண்ணீர் செலவாகும் என்பதுதான் மற்ற ஊர்களின் வழக்கம். கரிசல்காட்டு ஓரத்தில், தீப்பெட்டி செய்யும் ஆபீஸ்களுக்குப் பின்னால், சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் மனசு வைத்து முளைக்காத மேட்டுக் காலனியில் மட்டும் பூனையைக் குளிப்பாட்டித்தான் தண்ணீர் பிடித்தார்கள். அந்தப் பூனையின் பெயர் தொரை. அதை வளர்த்தவள் சீனியம்மா.

சீனியம்மா வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுகிறவள். புருஷன் மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்து, பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லாமல், காலனியின் கடைசி வரிசையில் அட்டைக்கூரை போட்ட ஒற்றை அறையில் பசைச்சட்டியும் பெட்டித்தாளுமாக நாளைக் கழித்துக்கொண்டிருந்தாள். காலனிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கல்யாணம் காட்சி என்றால் அவளைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவச் சொல்லிவிட்டு, நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் “நீ கொஞ்சம் உள்ள இரு தாயி” என்று முகம் பார்க்காமல் சொல்கிற அளவுக்கு நல்லவர்கள். அப்படி உள்ளே இருந்த ஒரு நாளில்தான், விசேஷ வீட்டு அடுப்புச் சாம்பலுக்குள் கண் திறக்காத குட்டியொன்று கிடப்பதைக் கண்டு மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். விரலைப் பாலில் முக்கிச் சப்பக் கொடுத்து, தன் வயிற்றின் மேல் போட்டுத் தூங்கவைத்து வளர்த்தாள். கருவாடு இல்லாத சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காத அதன் மிடுக்கைக் கண்டு தொரை என்று பெயர் வைத்தாள். தொரை வளர்ந்து அவள் வயிறு கொள்ளாத கடுவன் பூனையான பிறகும் அங்கேதான் தூங்கியது. உலகத்தில் அவளைத் தேடி வருகிற சீவன் என்று அது ஒன்றுதான் இருந்தது.

தண்ணீர் லாரி வந்து வெகுநாளாகியிருந்த ஒரு பங்குனி மாதத்தில், பல்லியைத் துரத்திக்கொண்டு சுவரில் ஏறிய தொரை பிடி நழுவி மைதாப் பசைச்சட்டிக்குள் விழுந்தது. பசை காய்ந்தால் ரோமம் பலகையாகிவிடும், நக்கி நக்கிப் பிய்த்துக்கொண்டு புண்ணாகிவிடும் என்பது பசையோடு பிழைக்கிறவளுக்குத் தெரியாதா என்ன? குடத்தில் அடித்தண்ணீர்தான் கிடந்தது, அதுவும் குடிப்பதற்கு. சீனியம்மா குடத்தைப் பார்த்தாள், தொரையைப் பார்த்தாள், தன் தொண்டை ஒரு நாள் காய்ந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று முடிவெடுத்து, பூனையைப் பின்கட்டுத் துவைகல்லில் உட்காரவைத்து, ஒரு செம்பை மொண்டு மெதுவாக அதன் முதுகில் ஊற்றினாள்.

தொரை கத்தியது. காதை மடக்கி, வாலை ஒடுக்கி, எல்லாப் பூனையையும்போல வானமே தன் தலையில் இடிந்து விழுந்ததாகக் கத்தியது. ஆனாலும் ஊற்றுகிற கை அவளுடையது என்பதால் ஓடாமல் அவள் முழங்கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அதன் முதுகிலிருந்து வழிந்த தண்ணீர் ஒரு செம்போடு நிற்கவில்லை. விலாவில் வழிந்து, வயிற்றில் சொட்டி, நாலு கால்களிலும் இறங்கி, கல்லை நனைத்து, கீழே இருந்த அகலவாய் அண்டாவை நிரப்பி, அண்டா நிறைந்து தளும்பி, வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, தூசியைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. முடியோ பசையோ மிதக்காத தெளிந்த தண்ணீர்.

அந்தக் காலனியில் ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் தெருவுக்கு ஓடுவதென்பது கொலைக்குற்றம். எதிர்வீட்டு வேலுத்தாய் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு சண்டைக்கு ஓடிவந்தாள். “எந்தப் பாவி தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா? மனுசங் குடிக்கக் காணோம்!”

“பூனையக் குளிப்பாட்டுதேன் வேலு,” என்றாள் சீனியம்மா.

வேலுத்தாய் பூனையைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், காலியான செம்பைப் பார்த்தாள். இது எப்படி என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கிற வசதியெல்லாம் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்களுக்கு. “இன்னொரு செம்பு ஊத்துவியாக்கா?” என்று மட்டும் கேட்டாள். “நான் குடத்த எடுத்திட்டு ஓடியாந்திருதேன்.”

அன்று தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் சீனியம்மா வீட்டு வாசலிலிருந்து முச்சந்தி வரைக்கும் பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகக் குடங்கள் வரிசை கட்டின. குடம் வைக்க முடியாதவர்கள் கல்லை வைத்து இடம் பிடித்தார்கள், கல்லுக்குச் சண்டை வந்தபோது காலனித் தலைவர் சங்கையா வந்து, இனிமேல் காலையில் மேலவரிசை, மத்தியானம் கீழவரிசை, சாயந்திரம் குழந்தை உள்ள வீடு என்று தீர்ப்புச் சொன்னார். குடிக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் பேசினார்கள். பூனைமுடி வயிற்றுக்குள் போனால் இளைப்பு வரும் என்றார்கள், வேட்டித்துணியில் வடிகட்டினால் வராது என்றார்கள். சுத்தபத்தம் பார்க்கிற ஒருத்தி வாசல் தெளிக்க மட்டும் என்று ஒரு குடம் வாங்கிப்போய், மறுநாள் பாத்திரம் கழுவ மட்டும் என்று வாங்கிப்போய், அதற்கும் மறுநாள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப்போய் உலை வைத்தாள். பருப்பு மலர்ந்து வெந்தது. அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

சங்கையா தாமே ஒருதரம் குளிப்பாட்டிப் பார்த்தார், சீனியம்மா ஒருத்திக்கு எதற்குச் சிரமம் என்ற நல்ல எண்ணத்தில்தான். தொரை அவர் முன்கையைப் பிறாண்டி எடுத்தது, ஊற்றின செம்புத் தண்ணீர் செம்புத் தண்ணீராகவே விழுந்தது. வேலுத்தாய்க்கும் அப்படித்தான். சீனியம்மா பிடித்து, சீனியம்மா ஊற்றினால் மட்டும் ஊற்றெடுத்தது. ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பசு, தெரிந்த கைக்குத்தான் பால் விடுகிறது, அதுபோல என்று விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு தொரைக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. கருவாட்டுக்காரி தலையைக் கிள்ளாத நெத்திலியை அதற்கென்று தனியாகப் பொட்டலம் கட்டினாள். மாரியம்மன் கோயில் பூசாரி அபிஷேகத்துக்குத் தொரைத் தண்ணீர் கொண்டுபோனார். கல்யாணப் பத்திரிகையில் தங்கள் நல்வரவை விரும்பும் என்ற இடத்தில் தாய்மாமன்களுக்குக் கீழே தொரை என்று அச்சடித்தார்கள். ஆண்பிள்ளை ஆயிற்றே, சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாமா என்று பெரியவர்கள் யோசித்து, நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி உச்சந்தலை முதல் வால்நுனி வரை தேய்த்து ஊறவைத்தார்கள். தொரை அவ்வளவையும் நக்கிவிட்டு வயிற்றால் போய்ச் சுருண்டு கிடந்தது, அது தேறுகிறவரை காலனி மறுபடியும் நாக்கு வறண்டது. எண்ணெய்க் குளியல் அத்தோடு நின்றது.

சீனியம்மாவுக்கும் வாழ்வு வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வேலுத்தாயின் மகள் கனகவள்ளிக்கு வளைகாப்பு வைத்தபோது, வேலுத்தாயே பாயை விட்டு எழுந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் சீனியம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, “எம் பிள்ளைக்கு மொத வளையல நீதாங்கா போடணும்” என்றாள். புருஷனை இழந்தவள் வளையலைத் தொடுவதா என்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. எல்லா வாயும் அன்று காலையில்தான் தொரைத் தண்ணீரில் கொப்பளித்திருந்தது. சீனியம்மா பச்சைக் கண்ணாடி வளையலைக் கனகவள்ளியின் மணிக்கட்டில் ஏற்றினாள், சந்தனம் பூசினாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமாக இந்த ஒன்றுக்காகத்தான் ஏங்கியிருந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஈரம் காயாமல் மூலையில் உட்கார்ந்திருந்த தொரை அவளைப் பார்த்துத் தும்மியது.

அந்தத் தும்மலை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷம் காதை அடைத்துவிட்டது.

காலனி கெட்டது அதன் விருந்தோம்பலால். அந்த ஊருக்குப் பல வருஷமாக ஓர் அவமானம் இருந்தது: வீடு தேடி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கும் டம்ளரில் பாதிதான் நிரப்பி, குனிந்த தலையோடு நீட்டுவார்கள். இப்போது மேலிடத்திலிருந்து, காலனிக்குக் குழாய் போடுவது பற்றிப் பார்த்துவிட்டுப் போக ஓர் அதிகாரி வருகிறார் என்றதும் சங்கையாவுக்குப் பழைய வெட்கமெல்லாம் சேர்ந்து ரோஷமாகக் கிளம்பிவிட்டது. வறண்ட குடத்தைக் காட்டி அழுதிருந்தால் பிழைத்திருப்பார்கள். இவர்களோ தெருவெல்லாம் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் காலில் ஒரு முழுக்குடத்தைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, சொம்பு நிறையக் குடிக்கக் கொடுத்து, அவர் போதும் போதும் என்ற பிறகும், “சும்மா குடிங்கய்யா, எங்க ஊருல தண்ணிக்கா பஞ்சம்?” என்று இன்னொரு சொம்பை நீட்டினார்கள். பிறகு தொரையைக் காட்டினார்கள். அதிகாரி அது குளிப்பதைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார், “நல்ல ஏற்பாடு” என்றார்.

அதன்பின் குழாயும் வரவில்லை, எப்போதாவது வந்துகொண்டிருந்த லாரியும் நின்றுபோனது. சங்கையா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போய் நின்றார். “ஒங்களுக்குத்தான் பூனை இருக்கே,” என்றார்கள் அங்கே. “ஒண்ணும் இல்லாத ஊரு எவ்வளவோ கிடக்கு.”

“அது வாயில்லா சீவன்யா, எத்தன நாளைக்கி?” என்றார் சங்கையா.

“இருக்கிற வரைக்கும் பாருங்க,” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

லாரி நின்றதும் குளியல் கூடியது. முன்பு அரைகுறையாகப் போதும் என்று இருந்தவர்கள் இப்போது சமையலுக்கும் துணிக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தொரையை நம்பி நின்றார்கள், விடியும்முன் ஒருதரம், வெயில் ஏறி ஒருதரம், உச்சியில் ஒருதரம், விளக்கு வைக்க ஒருதரம் என்று போய், ரோமம் காய்கிறதற்குள் அடுத்த குடம் வந்துவிடும் என்றாகிவிட்டது. தொரைக்கு முதலில் கழுத்தில் முடி கொட்டியது. அப்புறம் விலா எலும்பு தெரிந்தது. இருமல் வந்தது, பூனை இருமினால் சின்னக் குழந்தை இருமுகிற மாதிரியே இருக்கும் என்பதைக் காலனி அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டது. எல்லாருக்கும் பாவமாகத்தான் இருந்தது. கருவாட்டுக்காரி வஞ்சிரத் துண்டு கொண்டுவந்து வைத்தாள், பூசாரி திருநீறு போட்டார், வேலுத்தாய் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குடத்தை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

சீனியம்மா ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் தொரையைப் பழைய நூல்சேலையில் சுற்றி, அடுப்பங்கரையில் வைத்துத் துவட்டித் துவட்டிச் சூடு காட்டினாள். ஆனால் தொரை அவள் வயிற்றின் மேல் வந்து படுப்பதை நிறுத்திவிட்டது. அவள் எழுந்தால் அது பரணுக்குத் தாவியது. செம்பு தரையில் உரசுகிற சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் விறைத்தது. கூப்பிடாமல் வந்துகொண்டிருந்ததைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது, கெஞ்சலுக்கும் வராமல் போனபோது கருவாட்டைக் காட்டி ஏமாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏமாற்றிப் பிடித்த முதல் நாள் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அவள் விரலைச் சப்பி வளர்ந்தது, அவள் விரலைக் கண்டு ஓடுகிறது. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன தண்டனை வேண்டும்?

சங்கையாவிடம் போய் நின்றாள். “அண்ணாச்சி, ஒரு நாளைக்காவது விட்டுருங்க. அதோட கண்ணு சரியில்ல.”

சங்கையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு மட்டும் கல்நெஞ்சா தாயி? நீயே வந்து வரிசையில நிக்கவங்ககிட்டச் சொல்லு. யாருக்கு இன்னைக்கித் தண்ணி வேண்டாம்னு நீயே சொல்லிரு, நான் குறுக்க வரல.”

அவள் வரிசைக்கு வந்தாள். கனகவள்ளி பிரசவித்துப் பச்சை உடம்போடு, குழந்தையை முந்தானையில் பொதிந்துகொண்டு முதல் ஆளாக நின்றாள். அவள் கையில் அந்தப் பச்சை வளையல். சீனியம்மா அதைப் பார்த்தாள், உள்ளே போய்ச் செம்பை எடுத்தாள்.

கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் தொரையைச் சாக்குப்பையில் போட்டுக் கட்டி, பஸ் ஏறி, பஸ் மாறி, கடற்கரைப் பட்டணத்து மீன் ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். வழி தெரியாமல் இருக்கத்தான் சாக்கு. மீன்தலையும் குடலும் குவிந்து கிடந்த இடத்தில் பையை அவிழ்த்துவிட்டாள். “இங்க ஒனக்கு ஒரு குறையும் இல்ல ராசா. எவ மூஞ்சியிலயும் முழிக்காத. போயிரு,” என்றாள். தொரை மீன்வாடையைப் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். வழிநெடுகக் காலிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, பூனை உள்ளே இருப்பதுபோலவே தடவிக்கொண்டிருந்தாள்.

காலனியில், ஓடிப்போய்விட்டது என்று சொன்னாள். ஒருவரும் அவளை வையவில்லை. வைதிருந்தால் அவளும் பதிலுக்கு வைது மனசை ஆற்றியிருப்பாள். அவர்கள் வெறும் குடங்களைத் தூக்கிக்கொண்டு, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த உப்புக்கிணற்றுக்கு நடந்தார்கள், வெடித்த உதட்டோடு திரும்பி வந்தார்கள், அவளுடைய பங்கையும் கேட்காமலே கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். உப்புத்தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்த கனகவள்ளிக்குப் பால் வற்றியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எதிர்வீட்டில் அது அழுகிற சத்தம் முதலில் பலமாகவும் பிறகு மெலிசாகவும் கேட்டது. சீனியம்மா காதைப் பொத்திக்கொண்டு பெட்டி ஒட்டினாள். தொரை எங்கேயாவது மீன்கூடைக்கு நடுவில் கொழுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள், அந்த நினைப்பு ஒன்றுதான் அவளுக்குச் சோறாக இருந்தது.

ஆனால் தொரை திரும்பி வந்தது. எந்தச் சாலையில் நடந்து, எந்த நாய்க்குத் தப்பி, எதைத் தின்று வந்ததோ, பாதங்கள் வெடித்து, ஒரு காது கிழிந்து, ஒரு மாலைநேரம் பின்கட்டுச் சுவரில் ஏறிக் குதித்து, பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளின் மடியில் நேராக வந்து ஏறியது. ஏறி, அவள் வயிற்றில் தலையை முட்டி முட்டி, வெகுகாலமாக அவள் கேட்டிராத அந்தக் குறுகுறுச் சத்தத்தை எழுப்பியது. செம்பையும் குடத்தையும் அது மறந்திருந்தது. அல்லது மன்னித்திருந்தது. அவளைத் தேடித்தான் வந்திருக்கிறது, வேறு எதற்கும் இல்லை. “ஏன்டா வந்த? கிறுக்குப்பயலே, ஏன்டா வந்த?” என்று சீனியம்மா அதன் கிழிந்த காதில் முத்தமிட்டு முத்தமிட்டு அழுதாள்.

தலை தூக்கிப் பார்த்தபோது வாசலில் வேலுத்தாய் நின்றாள். தோளில் பேரக்குழந்தை துவண்டு கிடந்தது, மறுகையில் குடம் இருந்தது. அவளுக்குப் பின்னால் சங்கையா வந்தார், கருவாட்டுக்காரி வந்தாள், கீழவரிசை வந்தது, மேலவரிசை வந்தது. எல்லாருடைய உதடும் வெடித்திருந்தது.

“இப்பத்தான் வந்திருக்கு வேலு,” என்றாள் சீனியம்மா. “காலெல்லாம் புண்ணு.”

“ஒரே ஒரு செம்பு ஊத்துக்கா,” என்றாள் வேலுத்தாய். “பிள்ளைக்கி நாக்கு உள்ள இழுத்துக்கிட்டுது.”

தொரை அவள் மடியில் குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. தூக்கியபோதும் குறுகுறுத்தது, துவைகல்லில் உட்காரவைத்தபோதும் குறுகுறுத்தது. முதல் செம்பு முதுகில் விழுந்ததும் அந்தச் சத்தம் நின்றது. அது கத்தவில்லை. தண்ணீர் எப்போதும்போல வழிந்து அண்டாவை நிரப்பியது. குழந்தையின் வாயில் வேலுத்தாய் துணியால் நனைத்து நனைத்துப் பிழிந்தாள், கொஞ்சநேரத்தில் அது கண்ணைத் திறந்து சப்புக்கொட்டியது. கூட்டம் கும்பிட்டது. குழந்தை பிழைத்தது உண்மை. அதை வைத்துத்தான் சீனியம்மா அன்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பரணைப் பார்த்தாள். தொரை பரணில் இல்லை. கட்டிலடியிலும் இல்லை. பின்கட்டுக்கு வந்தால், அது துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடிக்கவில்லை, தானாக வந்து, முன்னங்கால்களை ஒட்டிவைத்து, தலையைக் குனிந்து, முதுகை வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொல்லைப் படலுக்கு வெளியே நின்ற கூட்டம் அதைப் பார்த்துவிட்டு ஓவென்று சந்தோஷத்தில் கூவியது.

“பழகிருச்சு! பழகிருச்சுக்கா, இனிக் கவலையே இல்ல!” என்று வேலுத்தாய் கைதட்டினாள். கனகவள்ளி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். சங்கையாகூடச் சிரித்தார்.

சீனியம்மா குனிந்து தொரையின் தாடையை உயர்த்தினாள். அதன் கண் அவளைப் பார்த்தது, எதிரில் இருந்த சுவரையும் அப்படியே பார்த்தது. “கீறிருடா,” என்றாள் அவள், யாருக்கும் கேட்காமல். “ஒரு தடவ என் கையக் கீறிட்டு ஓடிரு. நான் விட்டுருதேன்.” கையை அதன் நகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தாள். தொரை அசையவில்லை. அவள் ஊற்றினாள். தண்ணீர் இதுவரை வந்ததைவிட அதிகமாக வந்தது, அண்டா நிறைந்து கொல்லை நிறைந்து தெருவில் இறங்கி ஓடியது, பிள்ளைகள் அதில் குதித்தார்கள், பின்னால் நின்றவர்கள் அடுத்த குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.